மோந்து போட்ட உப்பு

வத்தலக்குண்டில் ஒரு கல்யாண வீட்டுக் கறிக்குழம்பில் உப்புக் குறைவு என்பதை, இருபது மைலுக்கு இப்பால் திண்டுக்கல்லில், பேகம்பூரை ஒட்டிய சந்தில், கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடியே சடையாண்டி கண்டுபிடித்தார். அன்றைக்கு மேல்காற்று. காற்று வந்து மூக்கில் ஏறியதும் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "ரெண்டு கைப்பிடி கம்மி" என்றார். வேட்டியை இறுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, அந்தப் பக்கம் போகிற கண்டக்டரிடம் சேதி சொல்லி அனுப்பினார். பஸ் போய்ச் சேர்வதற்குள் முதல் பந்தி முடிந்துவிட்டது. கை கழுவிய அத்தனை பேரும், 'எல்லாம் சரி, உப்புத்தான்...' என்று இழுத்தார்களாம். சேதி போனதும் ரெண்டு கைப்பிடி போட்டார்களாம். இரண்டாம் பந்தியில் சிலர் இலையையும் சேர்த்துத் தின்றுவிட்டார்களாம்.

இதை யாரும் நேரில் பார்த்ததில்லை. அது யார் வீட்டுக் கல்யாணம் என்பதும் தடவைக்குத் தடவை மாறும். ஆனால் சடையாண்டி சொல்லிக் கேட்டால், கேட்கிறவன் மூக்கும் அவனை அறியாமல் ஒரு தரம் விரிந்து அடங்கும்.

அவர் கிடா விருந்துச் சமையல்காரர். திண்டுக்கல்லைச் சுற்றி எந்தக் கருப்பன் கோயிலில் கிடா வெட்டினாலும் அண்டாவுக்குப் பக்கத்தில் அவர் நிற்க வேண்டும். கைப்பக்குவம் மட்டும் அதற்குக் காரணமில்லை. கருப்பனுக்குப் படைக்கிற கறியை, இலை போட்டுச் சூடம் காட்டுகிற வரைக்கும் எந்த நாக்கும் தொடக்கூடாது. தொட்டால் எச்சில். எச்சிலைப் படைத்தவன் வீட்டுக்கு எந்த வழியாக என்ன வரும் என்று சொல்ல முடியாது. அப்படியானால் ருசி பார்க்காமல் ஐந்து கிடாக் கறிக்கு உப்புப் போடுவது எப்படி? மற்ற சமையல்காரர்கள் ஒரு குத்துமதிப்பில் அள்ளிப் போடுவார்கள். ஒரு வருஷம் சப்பென்று இருக்கும், மறுவருஷம் ராமேசுவரத்துத் தண்ணீராக இருக்கும். சடையாண்டி மட்டும் அண்டாவின் மேல் குனிந்து ஆவியை மோந்து பார்ப்பார்.

"உப்புக் கூடுனா ஆவி மூக்கு நுனியக் கிள்ளும். கொறைஞ்சா வழுக்கிக்கிட்டு உள்ள போயிரும். சரியா இருந்துச்சுன்னு வையி, மூக்கு வாசல்ல நின்னு கும்பிடு போடும்."

நாற்பது வருஷமாக அவர் சமைத்த கறியில் ஒரு கல் உப்புக் கூடியதில்லை, ஒரு கல் குறைந்ததில்லை. ஊரே அந்த மூக்கை நம்பியது. நம்பாத ஒரே ஆள் மாயக்காள், அவருடைய மனைவி.

"மூக்காம் மூக்கு! சளி புடிச்சா ஒண்ணரை மாசம் ஒழுகுற மூக்கு."

அவளுக்குத் தலையணை உறை சாட்சி. ஒவ்வொரு கிடா விருந்துக்கும் மறுநாள் அந்த உறையில் இரண்டு பக்கமும் மஞ்சள் கறை இருக்கும். சடையாண்டியின் மீசை அப்படிப்பட்ட மீசை. இந்தக் கோடியில் குருவி கூடு கட்டினால் அந்தக் கோடியில் இருக்கிற குருவிக்குத் தெரியாது. கறி கொதிக்கும்போது அவர் அகப்பையால் கிண்டுவார். கிண்டுகிற சாக்கில் ஆள்காட்டி விரல் குழம்பைத் தொடும். தொட்ட விரல் கம்பீரமாக மேலே போய் மீசையை முறுக்கும். செத்த நேரம் கழித்து, யாரும் பார்க்காதபோது, நாக்கு மேலே வந்து மீசையை விசாரித்துவிட்டுப் போகும். கல்யாணமான மூன்றாம் மாதமே மாயக்காள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். வெளியே சொல்லவில்லை. வீட்டுக்குள் சொல்லாத நாளில்லை.

மாசி மாதம் ஒரு விருந்தில் அண்டாவைத் தூக்கி இறக்கும்போது சடையாண்டி பிடியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வேர்வை ஆறாக ஓடியது. "வாயுடா, ஒண்ணுமில்ல" என்று உதவிக்கு நின்ற பொம்மையனிடம் சொல்லிவிட்டு, சோடா குடித்து ஏப்பம் விட்டு எழுந்துவிட்டார். ஆனால் பொம்மையன் விஷயத்தை மாயக்காளிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. சடையாண்டியின் அண்ணன் கருப்பணன் ஐம்பத்தெட்டு வயதில் இப்படித்தான் அடுப்பங்கரையில் உட்கார்ந்தார். அகப்பையை யாரிடமோ நீட்டினார். வாங்க ஆள் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவரும் அதற்கு முன் மூன்று மாதம் வாயு, வாயு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சடையாண்டிக்கு இப்போது அறுபத்தொன்று.

இழுத்துக்கொண்டு போனாள் டாக்டரிடம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், கண் இமையை விரித்துப் பார்த்தார். கண்ணோரத்தில் மஞ்சளாகத் திரண்டிருந்ததை விரலால் தொட்டார்.

"ரத்தத்துல கொழுப்பு எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். கொலஸ்ட்ரால்னு பேரு. இங்க எடுத்து மதுரைக்கு அனுப்புவோம். அது வந்தாத்தான் நீங்க அடுப்புகிட்ட நிக்கலாமா கூடாதான்னு சொல்ல முடியும்."

"கொழுப்பு எம்புட்டுன்னு தெரியணுமாய்யா? இதுக்குப் போயி மதுரையா? இவளக் கேட்டாலே சொல்லிருவாளே!"

டாக்டர் சிரிக்கவில்லை. "ராத்திரி எட்டு மணிக்கு மேல பச்சைத் தண்ணி தவிர எதுவும் வாயில படக்கூடாது. பன்னெண்டு மணி நேரம். காலையில எட்டு மணிக்கு வரணும்."

பன்னிரண்டு மணி நேரம்! சடையாண்டி விழித்திருக்கும்போது ஒரு மணி நேரம் வாய் அசையாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. தூங்கும்போதும் எதையோ மென்றுகொண்டுதான் தூங்குவார்.

முதல் தடவை போனபோது, "ராத்திரி எட்டு மணிக்கு மேல ஏதாச்சும் சாப்டீங்களா?" என்று கம்பவுண்டர் தங்கமுத்து கேட்டார். "ஒண்ணும் சாப்டல" என்று சடையாண்டி கருப்பன் மேல் சத்தியம் செய்தார். ஊசி ஏற்றி ரத்தத்தை எடுத்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி நிறுத்தி வைத்தார் தங்கமுத்து. செத்த நேரத்தில் ரத்தம் கட்டியாகிக் கீழே இறங்க, மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் பால் மாதிரி வெள்ளைவெளேரென்று நின்றது. தங்கமுத்து குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் விட்டால் உறை ஊற்றித் தயிராக்கலாம் போல் இருந்தது.

"பெரியவரே, உண்மையச் சொல்லுங்க."

"உண்மையத்தாம்ப்பா சொல்றேன். சாப்டல. விடியக்கால ஒரு விருந்து இருந்துச்சு. உப்புப் பாத்தேன்."

"எம்புட்டு?"

"ஒரு அகப்பை."

"அகப்பையா?"

"அதுல ரெண்டு நல்லி எலும்பு. எலும்புக்குள்ள உப்பு எறங்கியிருக்கான்னு பாக்க வேணாமா? அது தொழிலுப்பா. சாப்பாடுன்னா எலை போட்டு உக்காந்து திங்கிறது."

படையல் இல்லாத விருந்துகளில் அவர் மீசையை நம்புவதில்லை. அகப்பையையே நம்புவார். உண்மையில் அவர் பொய் சொல்லவில்லை. நாற்பது வருஷத்தில் ருசி பார்த்ததைச் சாப்பாட்டுக் கணக்கில் அவர் சேர்த்ததே இல்லை. அன்றைக்கு அங்கேயே, அத்தனை நோயாளிகளுக்கு முன்னால், மாயக்காள் வாய் பொறுக்காமல் தங்கமுத்துவிடம் மீசை ரகசியத்தையும் போட்டு உடைத்தாள். "இவரு மோந்து பாக்குறதெல்லாம் வேசம் தம்பி. விரலு மீசைக்குப் போகும், நாக்கு பின்னாடியே போகும்."

தங்கமுத்து தலையை ஆட்டிக்கொண்டார். இந்தத் தலையாட்டல் பிறகு அவளுக்கே வினையாக வந்து நிற்கும்.

இரண்டாம் தடவைக்குப் பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி பொறுப்பெடுத்துக்கொண்டாள். மசாலாப் பொடி இடித்து விற்கிறவள். சடையாண்டிக்கு மல்லி, வத்தலெல்லாம் அவள் வீட்டு உரலில்தான் இடிபடும்.

"அண்ணே, பட்டினி கெடக்க ஒங்களுக்கு என்ன தெரியும்? முப்பது நாளு நோன்பு புடிக்கிறவ நான். எங்கிட்ட விடுங்க. எச்சில்கூட முழுங்காம இருக்கக் கத்துத் தாரேன்."

கற்றுத் தந்தாள். சடையாண்டியும் கருத்தாகக் கற்றுக்கொண்டார். குறித்த நாளில் தலை நிமிர்ந்து தங்கமுத்து முன்னால் போய் நின்றார்.

"இன்னிக்கு எச்சில்கூட முழுங்கல தம்பி. நாலு மணிக்கு, நோன்புக்கு முன்னாடி திங்கிற சஹர் சாப்ட்டதோட சரி."

"நாலு மணிக்கு என்ன சாப்டீங்க?"

"நெய்ச்சோறு. தாளிச்சா. ரெண்டு முட்டை. ஜெய்தூன் பீவி கொண்டுவந்து வச்சுச்சு."

தங்கமுத்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். சேதி தெரிந்து ஜெய்தூன் பீவி துடித்துப் போனாள். "சஹர் இல்லாம நோன்பு எப்படிக்கா வைக்கிறது? வெறும் வகுத்தோட யாராச்சும் ஒரு மனுசனப் பட்டினி போடுவாகளா?" என்று மாயக்காளிடம் கண் கலங்கினாள். மாயக்காளுக்கு அவளைத் திட்ட மனம் வரவில்லை. மனம் வந்த இடத்தில் திட்டினாள். அந்த இடம் வீட்டுக்குள் குற்றவாளி போல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தது.

டாக்டர் கடைசியாகச் சொல்லிவிட்டார். "வர்ற புதன்கிழமை எட்டே கால் பஸ்ஸுல ஐஸ் பிளாஸ்க் மதுரைக்குப் போவுது. இதையும் கெடுத்தீங்கன்னா நீங்களே மதுரைக்குப் போயி வரிசையில நில்லுங்க. ஆனா நான் ஒண்ணு சொல்றேன். நாள் கடத்தாதீங்க."

'நாள் கடத்தாதீங்க' என்ற சொல்லை மாயக்காள் வீடு வரைக்கும் வயிற்றில் சுமந்துகொண்டு வந்தாள்.

வந்து பார்த்தால், புதன்கிழமை ஆடி அமாவாசை. அன்றைக்குப் பெருமாள்சாமியின் கிடாவெட்டு. ஊருக்கு மேற்கே இரண்டு மைலில், குளத்தங்கரைக் கருப்பன் கோயிலில். பெருமாள்சாமி தக்காளியும் கத்தரியும் போடுகிற சம்சாரி. மூன்று வருஷம் வெடி வைத்து வெடி வைத்து அவர் கிணற்றில் போன வைகாசியில்தான் தண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து கிடா நேர்ந்திருந்தார். சடையாண்டி வெற்றிலை பாக்கு வாங்கியாயிற்று. வாங்கிய பிறகு மாற்றிப் பேசுகிற வழக்கம் அந்தத் தொழிலில் கிடையாது.

பெருமாள்சாமி வீடு தேடி வந்துவிட்டார். "அண்ணே, எச்சப்படாத படையலு வேணும். அதுக்குத்தான் ஒங்கள வச்சது. ஒரு சொட்டு நாக்குல பட்டாலும் கெணறு வத்திப்போகும்னு பூசாரி சொல்லிட்டாரு. ஒங்க மூக்கை நம்பித்தான் இருக்கேன்."

சடையாண்டி மீசையை முறுக்கினார். "மூக்கு இருக்கும்போது நாக்கு எதுக்குப் பெருமாளு?"

கதவுக்குப் பின்னால் மாயக்காள் தொண்டையைச் செருமினாள்.

பெருமாள்சாமி போனதும் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "இங்கேருங்க. நாலு மணியிலேருந்து அண்டாகிட்ட நிப்பீங்க. ஏழு மணிக்குப் படையலு. எட்டு மணிக்கு ஊசி. நடுவுல ஒரு சொட்டு மீசையில பட்டா ரத்தம் பாலாயிரும். என்ன பண்ணப் போறீங்க?"

"மோந்து பாக்குறது."

"எங்கிட்டயா?"

"ஒரு நாளாச்சும் நம்பேன் புள்ள."

"நீங்க எங்கிட்டச் சொல்லுற பொய்யி இருக்கட்டும். அதோட நாப்பது வருசம் குடும்பம் நடத்திட்டேன். ரத்தமாச்சும் உண்மையச் சொல்லட்டும்." சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. அதை மறைக்க முந்தானையை உதறிக்கொண்டாள். "மீசைய எடுத்துட்டு வாங்க."

சடையாண்டி மீசையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். கருப்பனுக்குச் சமைக்கிறவன் மழித்த மேல் உதட்டோடு போய் நிற்பதா? சாமியே அடையாளம் தெரியாமல் அரிவாளைத் தூக்கிவிடும். விவாதம் நகராட்சியின் எட்டு மணிச் சங்கு ஊதுகிற வரைக்கும் நடந்தது. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. படையல் சமைக்கிறவர்கள் எச்சில் தெறிக்காமல் இருக்க வாயில் துணி கட்டிக்கொள்வது பழைய வழக்கம். சடையாண்டியின் அப்பா காலத்தில் இருந்தது. சடையாண்டி அதை, 'மூச்சு முட்டுது' என்று விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்பது மாயக்காளுக்குத் தெரியும். இப்போது அந்தத் துணி திரும்பி வரும். மீசையும் உள்ளே அடங்க, மூக்கு மட்டும் வெளியே இருக்க, முடிச்சை அவள் போடுவாள். அவளே கூட வருவாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நெய் இல்லாத இட்லி அவித்தாள். நகராட்சிச் சங்கு எட்டு மணிக்கு ஊத ஆரம்பித்தபோது சடையாண்டி பதினோராவது இட்லியில் இருந்தார். "சங்கு ஊதி முடிக்கிற வரைக்கும் எட்டு மணிதான்" என்று இன்னும் ஒன்றை உள்ளே தள்ளினார். ஓசை அடங்கியதும் மாயக்காள் பானையில் தண்ணீர் வைத்துவிட்டு, மீதி இருந்த முறுக்கு, பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாவற்றையும் கூடையில் அள்ளி ஜெய்தூன் பீவி வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டினாள். ஜெய்தூன் பீவி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவர்கள் குளத்தங்கரைக்குப் போனபோது வெள்ளி முளைத்திருந்தது. கிடா வெட்டி உரித்துத் துண்டு போட்டாயிற்று. மூன்று குழி அடுப்பில் கருவேல விறகு திகுதிகுவென்று எரிந்தது. அண்டாவில் நல்லெண்ணெய் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கூடை கூடையாகக் கொட்டினான் பொம்மையன். ஐம்பதைத் தாண்டியவன், சடையாண்டியின் வலது கை. மாயக்காள் வெள்ளைத் துணியை மஞ்சள் படாமல் பார்த்து எடுத்து, கணவனின் வாயையும் மீசையையும் சேர்த்துச் சுற்றிப் பின்னந்தலையில் மூன்று முடிச்சுப் போட்டாள். மாட்டுக்குப் போடுகிற முடிச்சு.

"இன்னும் கொஞ்சம் இறுக்குனா எங்க அண்ணன்கிட்டப் போயிருவேன்" என்று துணிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"பேசாதீங்க" என்றாள். செத்த அண்ணனைப் பேச்சில் இழுத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முடிச்சை ஒரு விரல் அளவு தளர்த்தினாள்.

கறி வெந்தது. மல்லியும் வத்தலும் கசகசாவும் அரைத்த தேங்காயும் போய்ச் சேர்ந்தன. அந்த வாசனை குளத்தைத் தாண்டி அக்கரையில் மேய்ந்த ஆடுகளுக்கே பசியெடுக்க வைத்தது. சடையாண்டியின் வயிறு உறுமிய உறுமலில் பொம்மையன் கருப்பனின் குதிரைச் சிலையைத் திரும்பிப் பார்த்தான். மாயக்காள் ஒரு கல்லைப் போட்டு அண்டாவுக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்புப் போடுகிற நேரத்துக்கு ஆடிக் காற்று எழுந்தது. மேற்கே மலைக் கணவாயிலிருந்து புறப்பட்டு வெறி பிடித்த மாதிரி வந்தது. குளத்துப் புழுதியையும் பனையோலையையும் தூக்கி அடித்தது. அண்டாவிலிருந்து ஆவி மேலே வரவே விடவில்லை. கிழக்கே பிடுங்கிக்கொண்டு ஓடியது. சடையாண்டி குனிந்தார். மூக்கை விரித்தார். நிமிர்ந்தார். பொம்மையனிடம் கையால் ஆறு காட்டினார். ஆறு கைப்பிடி கல் உப்பு விழுந்தது. மறுபடி குனிந்தார். இரண்டு காட்டினார். விழுந்தது. மறுபடி குனிந்தார்.

அந்த நேரத்தில்தான் மாயக்காள் அவர் கண்ணைப் பார்த்தாள். நாற்பது வருஷத்தில் பார்க்காத கண். அதில் வத்தலக்குண்டு இல்லை. மலைக்கோட்டை உயரத்துக்கு அவர் கட்டிவைத்த அத்தனை பேச்சும் வடிந்துபோய், தெரியவில்லையே என்ற பயம் மட்டும் நின்றது. ஐந்து கிடா. முந்நூறு இலை. பெருமாள்சாமியின் கிணறு. ஒரு கைப்பிடி தப்பினால் நாற்பது வருஷத்துப் பேர் இன்றோடு போய்விடும்.

பெருமாள்சாமியின் ஆட்கள் எல்லாரும் கிணற்றிலிருந்து முதல் குடம் எடுத்துவரக் கொட்டோடு போயிருந்தார்கள். பொம்மையன் விறகு எடுக்கப் போனான். சுற்றிலும் யாரும் இல்லை. சடையாண்டியின் கை மெதுவாகப் பின்னந்தலை முடிச்சுக்குப் போனது. போய் அங்கேயே நின்றது. அவர் மாயக்காளைப் பார்த்தார். ஒரு சொட்டுத்தான். யாருக்குத் தெரியும்?

மாயக்காளுக்கு அவரைத் தடுக்க வாய் வரவில்லை. 'எடுத்துக்கங்க' என்று சொல்லவும் வரவில்லை. ருசி பார்த்தால் ரத்தம் கெட்டுவிடும். பார்க்காவிட்டால் பேர் கெட்டுவிடும். பேர் போனால் இந்த மனுசன் நெஞ்சுவலி இல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். அவள் எழுந்தாள். ஓரத்தில் சாத்தியிருந்த தென்னந்தட்டியை இழுத்து வந்து மேற்குப் பக்கம் நிறுத்தி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து, அதன் மேலாக அவரைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டாள். புழுதி அவள் முதுகில் அறைந்தது.

"மோந்து பாருங்க" என்றாள். "நான் புடிச்சிருக்கேன்."

முடிச்சிலிருந்து கை இறங்கியது.

தட்டி மறைப்பில் ஆவி நேராக எழுந்தது. சடையாண்டி கண்ணை மூடிக் குனிந்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று சொல்ல முடியாது. மாயக்காளுக்குக் கை மரத்துப்போய், திரும்ப உணர்ச்சி வந்து, மறுபடி மரத்தது. பிறகு அவர் நிமிர்ந்து உப்புச் சட்டிக்குள் தானே கையை விட்டார். அரைக் கைப்பிடி எடுத்தார். அதிலிருந்து நாலு கல்லைத் திரும்பச் சட்டியில் போட்டார். மிச்சத்தை அண்டாவில் தூவினார். தூவிவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தார். மீசைப் பக்கம் கொண்டுபோகவில்லை.

ஏழு மணிக்குப் படையல். சூடம் இறங்கியதும் பூசாரி முதல் துண்டைப் பெருமாள்சாமிக்குக் கொடுத்தார். அவர் மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணே..." என்றார். கிணறு இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். மாயக்காள் கையிலும் ஒரு துண்டு விழுந்தது. குறை கண்டுபிடிக்கிற நாக்கோடுதான் வாயில் வைத்தாள். உப்பு ஓர் ஓரத்திலும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. கறியின் நடுவில், எலும்பின் ஓரத்தில், எங்கே கடித்தாலும் அளவாக இருந்தது. போய்க் கையைக் கழுவினாள்.

ஜெய்தூன் பீவி குதிரை வண்டி பிடித்துக்கொண்டு வந்து தயாராக நின்றாள். சடையாண்டி வாய்த்துணியோடு அப்படியே ஏறினார். அவிழ்க்க வேண்டாம் என்று மாயக்காள் சொல்லிவிட்டாள். பேகம்பூர்க் கடைத்தெருவில் எல்லாரும் வண்டியை வேடிக்கை பார்த்தார்கள். சிலர் அவருக்குப் பல் வலி என்றார்கள். சிலர் மாயக்காள் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள் என்றார்கள்.

டாக்டர் வீட்டுப் பெஞ்சில் இருபது பேர் இருந்தார்கள். தங்கமுத்து ஊசியை வெந்நீரிலிருந்து எடுத்தார். சடையாண்டியைப் பார்த்ததும் திரும்ப வெந்நீரில் போட்டார்.

"எங்கேருந்து வாரீங்க?"

"கிடாவெட்டுலேருந்து" என்றாள் மாயக்காள்.

"சமைச்சுப்புட்டா?"

"ஆமா. ஒரு பருக்கை வாயில படல. முடிச்சு நான் போட்டது. இந்தா பாருங்க." அவள் மூன்று முடிச்சையும் அவிழ்த்துத் துணியை விரித்தாள். வெள்ளைத் துணி வெள்ளையாக இருந்தது. மீசையில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

தங்கமுத்து துணியை வாங்கி முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு சாவகாசமாகக் கேட்டார்.

"சரிக்கா. கறியில உப்பு எப்படி?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லாத்தான்னா?"

"கரெக்டா இருந்துச்சுப்பா!"

"அப்ப ருசி பாத்திருக்காரு" என்றார் தங்கமுத்து. "நீங்கதான சொன்னீக, மோந்து பாக்குறதெல்லாம் வேசம், விரலு மீசைக்குப் போகும்னு? இதே எடத்துல நின்னு சொன்னீக. ருசி பாக்காம உப்பு கரெக்டா இருக்காதுல்ல? ரெண்டு தடவ ஏமாந்துட்டேன். பால் ரத்தத்த மதுரைக்கு அனுப்புனா டாக்டரு என்னத் தொலைச்சிருவாரு. நீங்க மதுரைக்கே போங்க."

வெளியே பஸ் கண்டக்டரின் ஆள் ஐஸ் பிளாஸ்க்கை வாங்க வந்து நின்றான். "அண்ணே, எட்டே காலாகப் போவுது."

அந்த ரத்தம் மதுரைக்குப் போனதா என்று கேட்டால், போனது. எலுமிச்சைச் சாறு தெளிந்த மாதிரி தெளிவாகப் போனது. எட்டாம் நாள் சீட்டு வந்தது. கொழுப்பு இருக்க வேண்டியதைவிடக் கூடுதல்தான். ஆனால் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார்: "இன்னும் கை மீறிப் போகல. அண்டா தூக்கக்கூடாது. நல்லி எலும்பு கூடாது. நெய் கூடாது. அடுப்புகிட்ட நின்னு ஆளுக்கு வேலை சொல்லலாம். ருசி பாக்கக்கூடாது." சடையாண்டி, "மோந்து பாக்கலாமா?" என்று கேட்டார். "எம்புட்டு வேணாலும்" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் மோந்து பார்த்தார். ஆனால் இதெல்லாம் நடக்க வேண்டுமானால், அன்றைக்கு அந்த அறையில் மாயக்காள் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

சடையாண்டி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நாற்காலியில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். பசியில் முகம் சின்னதாகியிருந்தது. மாயக்காளுக்கு அவர் அண்ணன் நீட்டிய அகப்பை ஞாபகம் வந்தது.

"மோந்துதான் போட்டாரு" என்றாள்.

"என்னக்கா? கேக்கல."

"மோந்துதான் போட்டாருங்கிறேன்!" பெஞ்சில் இருந்த இருபது பேரும் திரும்பினார்கள். "தட்டியப் புடிச்சவ நான். கண்ணு இமைக்காமப் பாத்தவ நான். மூக்கால பாத்துத்தான் உப்புப் போட்டாரு. கடைசியில நாலு கல்லத் திரும்ப எடுத்தாரு பாரு, அதுகூட மூக்கு சொல்லித்தான் எடுத்தாரு. போதுமா? ஊசியப் போடு!"

"அல்லாவே" என்று ஜெய்தூன் பீவி வாயில் கை வைத்தாள்.

தங்கமுத்து வெந்நீரிலிருந்து ஊசியை எடுத்தார். ஊசி இறங்கும்போது சடையாண்டி முகம் சுளிக்கவில்லை. காய்ந்த உதட்டுக்கு மேலே மீசை மெல்ல, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், தானாக நிமிர்ந்தது.

"அப்ப வத்தலக்குண்டு?" என்றார் மனைவியைப் பார்த்து.

"வத்தலக்குண்டு பொய்யி" என்றாள் மாயக்காள், துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே. "இது நடந்துச்சு."